விரத நாளில் வான்கோழி நூடில்ஸ்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்று இன்றைக்கும் ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துகள் கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு அவ்வளவுதான். இனி வரும் தாள்களில் வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு கதை உலாவுகிறது. திருவாதிரை விரத நாட்களில், லண்டன் டூட்டிங்கில் இருக்கிற ஒரு மனிதன், வீட்டுக்குப் பின்னால் கொட்டிலுக்குள் ஒளித்திருந்து வான்கோழி தின்றானாம். அந்த மனிதன் நான்தான். தின்றது உண்மை. ஒளித்தது பொய். கொட்டில் கதவு முழுவதும் திறந்திருந்தது. கதவைத் திறந்து வைத்தவனும் நான்தான்.

நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்கு வாய் வராது. கலியாண வீடுகளில் செருப்புக் கழற்றி வைக்கிற மூலையில் நிற்பேன். வேலையிலும் முன்பக்கம் வேண்டாம் என்று கேட்டு, கடையின் பின்பக்கத்தில் பெட்டிகளோடு நிற்கிறேன். எங்கள் வீட்டுச் சுடுதண்ணிக் கேத்தில் என்னைவிடக் கூடச் சத்தம் போடும். அதனால் மண்டபத்தில் போய் நின்று நடந்ததைச் சொல்ல என்னால் ஆகாது. எழுதத்தான் முடியும்.

எங்கள் மகன் போன கோடையில் ஓர் ஆங்கிலப் பெண்ணைக் கலியாணம் செய்தான். இருவரும் வட லண்டனில், எட்மண்டனில் இருக்கிறார்கள். மருமகளின் தகப்பன் வசந்த காலத்தில் இறந்துபோனார். தாய் கடற்கரை ஊர் ஒன்றில் தனியாக இருக்கிறார். புரட்டாசியில் ஒருநாள் மகன், “அம்மா, இந்தக் கிறிஸ்மஸுக்கு அவ தனிய இருக்கப் போறா” என்று சொல்ல, என் மனைவி யோசிக்காமல், “ஏன் தனிய? இஞ்சை கூட்டிக்கொண்டு வா” என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான். வாசலில் பார்சல் கொண்டுவருகிற பையனையும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்வாள்.

அன்றைக்கு யாரும் கலண்டரைப் பார்க்கவில்லை. மார்கழித் திருவாதிரையோடு முடிகிற பத்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மச்சம் என்றால் எங்கள் பேச்சில் மீன், இறைச்சி எல்லாம். அந்தப் பத்து நாளும் என் மனைவி விடியக் குளித்து, விளக்கு வைத்து, ஒரு நேரம் மட்டும் சோறு சாப்பிடுவாள். மற்றக் காலத்திலும் மச்சம் வீட்டுக் குசினிக்குள் அடுப்பேறாது. லண்டனில் எங்கள் ஆட்கள் பல வீடுகளில் இருப்பதுபோல, எங்களுக்கும் பின்பக்கத்தில் ஒரு கொட்டில் இருக்கிறது. அதற்குள் ஒரு காஸ் அடுப்பு, மச்சச் சட்டிகள், உட்கார இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்டுக் கறியும் மீன் பொரியலும் அங்கேதான். சமைப்பவன் நான். விரதம் தொடங்கும்போது என் மனைவி கொட்டிலைப் பூட்டி, சாவியைச் சுவரில் சாமிப் படங்கள் இருக்கிற தட்டுக்குக் கீழே ஓர் ஆணியில் கொழுவிவிடுவாள். பத்தாம் நாள் முடிந்த பிறகுதான் அது இறங்கும்.

இந்த முறை அந்தப் பத்து நாளின் முதல் நாள் கிறிஸ்மஸ் அன்றே வந்து விழுந்தது. கார்த்திகையில்தான் அது கண்ணில் பட்டது. மனைவி தலையில் கை வைத்தாள். மகன், “நான் சொல்லிக்கொள்ளுறன்” என்றான். அவன் என்ன சொன்னான் என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இப்போது இறைச்சி அதிகம் சாப்பிடுவதில்லை என்று சொன்னானாம். அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் சின்ன வான்கோழியாகப் பார்த்து வாங்குகிறேன் என்றாராம்.

அந்தச் சின்ன வான்கோழி, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டக்கூடிய பெரிய தட்டில் வந்தது. அது அவருடைய தாயார் வைத்திருந்த தட்டு என்று பிறகு தெரிந்தது. காரில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கூடவே ஒரு சாடியில் குழம்பு. வான்கோழியைச் சுடும்போது வடிகிற சாற்றில் மாவு சேர்த்துக் காய்ச்சுகிற மண்ணிறக் குழம்பு. வந்தவர் நேரே குசினிக்குள் போய், சூடாக்கவென்று அவண் அடுப்பைத் திறந்து தட்டை உள்ளே தள்ளிவிட்டார். என் மனைவி மருமகளின் கோட்டை வாங்கி மாட்டிவிட்டுத் திரும்ப, எல்லாம் முடிந்துவிட்டது. விரதத்தின் முதல் நாள், சாமி விளக்கு எரிகிற வீட்டில், வான்கோழி மணம் மாடிவரை ஏறியது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். விருந்தாளியின் கையிலிருக்கிற சாப்பாட்டை வாசலில் நிறுத்த எங்கள் இருவருக்கும் தெரியாது.

மனைவியின் தமையனும் அன்று வந்திருந்தார். எங்களுக்கு மூத்தவர். கோயில் நிர்வாக சபையில் இருக்கிறார். எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவர் சொல்தான். அந்த அம்மா, மேசையில் வயதில் மூத்தவர் அவர்தான் என்று கண்டு, மரியாதைக்கு வெட்டுகிற கத்தியை அவரிடம் நீட்டினார். அவர் சுடுதண்ணி பட்டவர்போல இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். கடைசியில் மகன் வாங்கி, பலகை அரிவதுபோல அரிந்தான்.

அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. எங்கள் வழக்கப்படி நானும் மனைவியும் நின்று பரிமாறினோம். விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர் இருப்பது, அதாவது சாப்பிட உட்காருவது. அந்த அம்மாவின் முன்னால் அவர் கொண்டுவந்த வான்கோழி, குழம்பு, உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தன. அவர் சாப்பிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தோம். அவர் மறுபடி சிரித்தார். தட்டு நிறைந்துகொண்டே போனது. குழம்பின் மேல் ஆடை படர்ந்தது.

“இருங்கோவன் அம்மா” என்றான் மகன்.

“நீங்கள் சாப்பிடுங்கோ. நாங்கள் பேந்து சாப்பிடுவம்” என்றாள் மனைவி.

மைத்துனர் இதற்குள் தன் சோற்றைக் குழைத்துப் பாதி முடித்திருந்தார். புருசனை நினைத்துத்தான் அந்த அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன். முடிவில் அவர் முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து, நேரமெடுத்து மென்றார். அவ்வளவுதான்.

மைத்துனர் தன் தங்கையைப் பார்த்துத் தமிழில் சொன்னார். முகம் மட்டும் அந்த அம்மாவின் பக்கம் சிரித்தபடி இருந்தது.

“இந்த மணத்துக்கை எப்பிடியடி நாளைக்கு விளக்கு வைப்பாய்? இவையள் போனவுடனை தூக்கிக் குப்பைக்கை போடு. சாப்பிட்டதெண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது?”

அவர் சிரித்ததைக் கண்டு, தன் சமையலைத்தான் புகழ்கிறார் என்று எண்ணி, அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து, “தாங்க்யூ” என்றார்.

என் மருமகள் தலையைக் குனிந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறவள். குப்பை என்ற சொல்லை என் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தியபோது, தன் புருசனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. ‘செய்வீர்களா?’ என்று கேட்கிற பார்வை.

புறப்படும்போது, வான்கோழியில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அந்த அம்மா அதை எங்களுக்கே விட்டுவிட்டு, நாளைக்கு ஊருக்குப் போகிற வழியில் வந்து தட்டை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மருமகள் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, ஆங்கிலத்தில், எனக்கு விளங்க வேண்டுமென்று சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னாள். “மாமா, அம்மா நீங்கள் மேசையிலை வந்து இருக்கும்வரை காத்துக்கொண்டிருந்தா. எங்கடை ஆக்கள், வீட்டுக்காரர் இருந்து தொடங்காமல் சாப்பிடமாட்டினம்.”

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். அவர்கள் நாங்கள் இருக்கக் காத்திருந்தார்கள். நாங்கள் அவர்கள் எழும்பக் காத்திருந்தோம். நடுவில் ஆறிப்போனது அந்தச் சாப்பாடு. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, நாளைக்கு வெறும் தட்டைக் கழுவிக் கொடுத்து, நல்லாயிருந்தது என்று சொல்ல வேண்டும். தாய் நம்புவார். மகள் நம்பமாட்டாள். இனி இந்த வீட்டில் யார் எதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் அந்தப் பெண் நம்பமாட்டாள். எங்கள் மகனின் பெண்சாதி வாழ்நாள் முழுக்க எங்கள் மேசையில் தலை குனிந்து இருப்பாள்.

நான் வான்கோழியை மூடி, கொட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். அந்தக் குளிரில் கொட்டில் பிரிட்ஜைவிட நல்ல பிரிட்ஜ். குப்பைக்குத்தான் போகிறது என்று நினைத்து மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பூட்டி, சாவியை ஆணியில் கொழுவினாள்.

மறுநாள் காலை அவள் விளக்கு வைத்துக் கும்பிட்டு முடியும்வரை காத்திருந்தேன். பிறகு போய்ச் சாவியை எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?”

“சமைக்கப் போறன்.”

“என்னத்தை?”

“டர்க்கியை.”

அவள் விபூதிக் கையோடு அப்படியே நின்றாள். “உங்களுக்கென்ன விசரே? இண்டைக்கு ரெண்டாம் நாள்.”

“தெரியும். வீட்டுக்கை ஒண்டும் வராது. மணமும் வராது. அவை வருவினம், அங்கை வைச்சுக் குடுப்பன். எறியிறதுமில்லை, பொய் சொல்லுறதுமில்லை.”

“அண்ணை கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

“என்ரை மனிசன் சொல்லுக் கேக்கிறாரில்லை எண்டு சொல்லு.”

“அதை ஆர் நம்புவினம்?” என்றாள் அவள்.

சரியான கேள்விதான். அண்ணனே அந்த நேரம் பார்த்துப் போன் எடுத்தார். எறிந்தாயிற்றா என்று கேட்கத்தான். மனைவி போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சொன்னேன். “இல்லை அத்தான். எறியேல்லை. நூடில்ஸ் போடப்போறன்.” இத்தனை வருடத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. “நான் வாறன்” என்று அவர் வைத்துவிட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கொட்டில் தகரத்தில் அது விழுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். அந்தச் சத்தத்துக்குள் யாரும் என்னிடம் எதையும் கேட்கமாட்டார்கள். தட்டைத் திறந்தேன். நெஞ்சுப் பக்கத்து இறைச்சி பஞ்சுபோல உலர்ந்து கிடந்தது. தொடைப் பக்கம் நல்லது, கறுப்பாக, நெய்ப்பிடிப்பாக இருந்தது. கையாலேயே எல்லாவற்றையும் பிய்த்து, தொடை இறைச்சியை வேறாகவும் நெஞ்சை வேறாகவும் வைத்தேன். எலும்புகளை உடைத்துப் பெரிய பானையில் போட்டு, இஞ்சி தட்டி, மிளகு, முழு மல்லி கொஞ்சம், ஒரு வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து போட்டுக் கொதிக்க விட்டேன்.

சாடிக் குழம்பு கட்டியாக உறைந்து, மேலே வெள்ளையாகக் கொழுப்பு மூடியிருந்தது. கரண்டியால் குத்தினால் சாடியே அசைந்தது. பார்க்க ஒன்றுக்கும் உதவாததுபோல இருக்கும். கொழுப்பை வழித்துத் தாச்சியில் போட்டேன். அது உருகியதும் உள்ளிப்பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கறிவேப்பிலை வெடிக்கிற சத்தத்தோடு, அந்த இங்கிலாந்துக் கொழுப்பு எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது. லீக்ஸ், கரட், கோவா இலை எல்லாம் மெல்லிசாக அரிந்து போட்டேன். எங்கள் வறுத்த கறித்தூள் ஒரு சின்னக் கரண்டி, அதற்குமேல் இல்லை. அந்த அம்மாவின் குழம்புக்கென்று ஒரு ருசி இருந்தது. அதை மூடிவிடக் கூடாது. பிறகு எலும்புச் சாற்றை வடித்து ஊற்றி, அதற்குள் உறைந்த குழம்பைக் கட்டி கட்டியாக விட்டேன். ஒவ்வொரு கட்டியும் ஓரத்திலிருந்து இளகி, சுற்றிக் கரைந்து, தண்ணீர் மினுங்கத் தொடங்கியது. உலர்ந்த நெஞ்சு இறைச்சியை அதற்குள் ஊறவிட்டேன். முதல் நாள் தொண்டையில் நின்றது, அதற்குள் கிடந்து மெதுமெதுவென்று வந்தது.

மனைவி குடையோடு முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. மூக்கைச் சீலைத் தலைப்பால் மூடவும் இல்லை.

“உப்புப் பாத்தீங்களே?” என்றாள்.

“இன்னும் இல்லை.”

“அவையின்ரை குழம்பிலை உப்பு இருக்கும். பாத்துப் போடுங்கோ.”

மைத்துனர்தான் முதலில் வந்தார். வீட்டுக்குள்ளால் வராமல் பக்கச் சுவரோரம் இருக்கிற நடை ஓடையால் நேரே பின்னுக்கு வந்தார். நெற்றியில் திருநீற்றின் மூன்று குறியும் ஈரமாக இருந்தன. கொட்டில் வாசலுக்கு இப்பாலேயே நின்றுகொண்டார்.

“தம்பி, நீர் என்ன செய்யிறீர் எண்டு தெரிஞ்சுதானே செய்யிறீர்?”

“ஓம் அத்தான்.”

“மற்ற நாளிலை தின்னுறதுக்கு உமக்கு இறைச்சி கிடைக்கேல்லையோ? வருசத்திலை பத்தே பத்து நாள்!”

“எனக்கில்லை அத்தான். அவவுக்கு.”

“அவவுக்கு வேணுமெண்டா அவ தன்ரை வீட்டிலை தின்னட்டும். அஞ்சாம் வகுப்புப் படிச்சிட்டு எனக்கு விரதம் படிப்பிக்க வந்திட்டார் இவர்.” தங்கையின் பக்கம் திரும்பினார். “நீயும் பாத்துக்கொண்டு நிக்கிறாய்!”

மனைவி குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். “நேற்று அவ உங்களுக்குத் தாங்க்யூ சொன்னா அண்ணை” என்றாள். “எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.”

எனக்கு அது போதும்.

அதற்குள் மகனின் கார் வந்துவிட்டது. தட்டை எடுக்க வந்தவர்களை நான் முன்வாசலில் நிற்க விடவில்லை. குளிரில் வெளியே போய், என் ஆங்கிலத்தில், “ப்ளீஸ், கம், பாக் சைட்” என்றேன். மகன் திகைத்துப்போனான். நான் யாரையும் வாவென்று கூப்பிட்டு அவன் பார்த்ததில்லை. அந்த அம்மா ஓடையால் வரும்போதே முகத்தை உயர்த்தி மணம் பிடித்தார். தன் குழம்பு மணம் அதற்குள் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடை கொஞ்சம் வேகமானது.

நூடில்ஸை அரை அவியலில் வடித்து எண்ணெய் தடவி வைத்திருந்தேன். அதை அள்ளிப் போட்டு, ஒரு கொதி விட்டு, தொடை இறைச்சியை மேலே தூவி, தேசிக்காய் பிழிந்து இறக்கினேன். பிளாஸ்டிக் கதிரை இரண்டும் பெண்களுக்கு. மகன் அரிசி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இருந்தான். கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தேன். ஆவி எழும்பி அந்த அம்மாவின் கண்ணாடியை மூடியது. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரண்டியை எடுக்காமல், முதல் நாள் மாதிரியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த இடத்தைத்தான் மண்டபத்தில் பிழையாகச் சொல்கிறார்கள்.

அவர் காத்திருந்தார். மருமகளும் காத்திருந்தாள். வாசலில் மைத்துனர் நின்றார். நான் நின்று பரிமாறினால் விரதமும் தப்பும், மைத்துனரின் வாயும் மூடும். ஆனால் நூடில்ஸ் ஆறும். ஆறிய சாப்பாட்டை அந்த மனிசி இரண்டாம் நாளும் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டிவரும். எனக்கொரு கோப்பையை எடுத்தேன். காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயப் பெட்டி இருந்தது. அதில் இருந்தேன். மைத்துனருக்கு நன்றாகத் தெரிகிறமாதிரி ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தேன். இறைச்சியோடு அள்ளினேன். வேண்டுமென்றேதான் அள்ளினேன்.

அந்த அம்மா உடனே தொடங்கினார்.

சூடு, உறைப்பு, தேசிப்புளி, அடியில் அந்தக் குழம்பின் இனிப்பு. நல்லாயிருந்தது என்று நானே சொல்லலாம். உறிஞ்சுகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். “பாரும், தின்னுறார்!” என்று மைத்துனர் யாருக்கோ சொன்னார். அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது என் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் தன்னுடைய தட்டு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அவளுடைய ஒருநேரச் சாப்பாடு. கொட்டில் படியில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு, எங்கள் நடுவில் இருந்து, சோற்றைக் குழைத்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். விருந்தாளி எழும்ப முன்னம் அவள் இருந்து சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

“உனக்கும் விசரே?” என்றார் அண்ணன்.

“நான் மச்சம் தொடேல்லை அண்ணை. என்ரை விரதம் என்ரை தட்டிலை இருக்கு. நீங்களும் இருங்கோ, பருப்பும் சோறும் தாறன்.”

அவர் இருக்கவில்லை. ஓடையால் போனார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

அந்த அம்மா மகளின் காதில் ஏதோ கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். தலை நிமிர்ந்திருந்தது.

“மாமா, அம்மா கேக்கிறா… இன்னும் இருக்கா?”

இருந்தது. நிறையவே இருந்தது. இரண்டாம் கோப்பையைச் சாப்பிட்டுக்கொண்டு அந்த அம்மா பேசத் தொடங்கினார். மகன் எனக்குச் சொன்னான்: வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் மிச்ச வான்கோழியை அவருடைய புருசன்தான் இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொடுப்பாராம். இந்த வருசம் அதைத் தன் வீட்டில் தனியே இருந்து சாப்பிட ஏலாது என்றுதான் முழுவதையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாராம். அதைக் குப்பையில் போடச் சொன்னவர் நிர்வாக சபையில் இருக்கிறார். இதையும் எழுதிவைக்கிறேன்.

போகும்போது மிச்சத்தை ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். பெட்டியைக் கவிழாமல் பிடித்தவள் என் மனைவி. கழுவித் துடைத்த அந்தப் பெரிய தட்டை அந்த அம்மா மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டி வரவில்லை.

மனைவி அன்று பின்னேரம் மறுபடியும் குளித்தாள். நான் கொட்டிலைக் கழுவினேன். சாவி ஆணிக்குப் போனது. மற்ற நாட்களில் நானும் மச்சம் தொடவில்லை.

நேற்றுத் திருவாதிரை. வருடா வருடம் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டுகிறவன் நான். கோயிலில் நான் கூச்சமில்லாமல் நிற்கிற ஒரே இடம் அந்தப் பின்பக்கச் சமையலறைதான். விடியக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலில் மைத்துனர் நின்றார்.

“இந்த முறை நீர் உள்ளுக்கை வரவேண்டாம். சனம் கதைக்குது.”

“ஆர் சொல்லிக் கதைக்கினம் அத்தான்?” என்று கேட்டேன். “நான் குளிச்சிட்டு வந்திருக்கிறன்” என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்து போனேன். உள்ளே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செருப்பு மூலைக்கே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. சமையலுக்குப் பொறுப்பான அக்கா சாம்பார்ப் பானையிலிருந்து தலையைத் திருப்பி, “கதைக்கிற ஆக்கள் கதைக்கட்டும், பூசணிக்காய் தன்ரைபாட்டிலை வெட்டுப்படாது. கத்தியை எடுங்கோ தம்பி” என்றார். எடுத்தேன். பன்னிரண்டு மணிப் பூசை மணி அடிக்கும்வரை வெட்டினேன். யாரும் என் கையிலிருந்து கத்தியை வாங்கவில்லை.

அந்த அம்மாவை அடுத்த கிறிஸ்மஸுக்கும் வரச் சொல்லியிருக்கிறோம். அது விரத நாளாக இருக்குமோ இல்லையோ, கலண்டர் சொல்லட்டும். எந்த நாளாக இருந்தாலும் அவர் கொண்டுவருவது எங்கள் வீட்டுக் குப்பைக்குப் போகாது. சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

டூட்டிங், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை, 4 ஜனவரி 2026